பெங்களூரு ஏரிகளிலும் அணைகளிலும் தூண்டில் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர், மர்ஃபி டவுன், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழர்களும், வேலை நிமித்தம் ஒயிட்பீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டி பகுதிகளில் குடியேறியவர்களும் தூண்டில் பற்றிக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஊரில் கண்மாயிலும் வாய்க்காலிலும் தூண்டில் போட்டுப் பழகியவர்களுக்குப் பெங்களூருவில் முதலில் விளங்காமல் போவது மீனல்ல, ஏரியின் நிர்வாகம்தான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பெங்களூரு நகருக்குள் எந்த ஏரியில் தூண்டில் போடலாம்?

அனுமதி இல்லாமல் எதிலும் போடக்கூடாது என்பதே நேரான விடை. அல்சூர், சாங்கி, ஹெப்பாள், மடிவாளா போன்ற நகர ஏரிகளைச் சுற்றி வேலியும் காவலாளியும் உண்டு. வாசலில் மீன் பிடிக்கத் தடை என்று எழுதிய பலகையையும் பல இடங்களில் காணலாம். பலகை இல்லாத ஏரியில் தடையும் இல்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். காலையில் பரிசலில் வலை இழுப்பவர்களைப் பார்த்துவிட்டு, “அவர்கள் பிடிக்கிறார்களே, நாங்கள் ஒரு தூண்டில் போட்டால் என்ன?” என்று கேட்பவர்கள் பலர். அவர்கள் அந்த உரிமையைப் பணம் கட்டி எடுத்தவர்கள், அல்லது அப்படி எடுத்தவரிடம் வேலை செய்பவர்கள்.

ஏரி பொதுச் சொத்து அல்லவா? அதிலுள்ள மீனுக்கு ஏன் அனுமதி கேட்க வேண்டும்?

ஏரி பொதுச் சொத்துதான். ஆனால் அதிலுள்ள கட்லாவும் ரோகுவும் மிர்காலும் யாரோ காசு கொடுத்து வாங்கி விட்ட மீன்கள். இந்த மூன்று பெருங்கெண்டைகளும் இயல்பில் ஆற்று மீன்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகி ஓடும்போதுதான் முட்டையிடும். தேங்கிய ஏரி நீரில் அவை நன்றாக வளரும், எடை கூடும், வயிற்றில் சினையும் பிடிக்கும். ஆனால் இனம் பெருகாது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் மழைக்குப் பின் குஞ்சுகளை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டாக வேண்டும். முன்காலத்தில் அந்தக் குஞ்சுகளை ஆற்றிலிருந்துதான் வாரிக் கொண்டுவந்தார்கள். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் மீன் அறிவியலாளர் ஹீராலால் சௌதுரி, மீனின் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியால் செலுத்திப் பெருங்கெண்டைகளை முட்டையிட வைத்த பிறகுதான் பொரிப்பகங்கள் பெருகின. இன்று அதே தேதி தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

ஏரிக் கரையில் நின்று தூண்டில் வீசுபவர் இந்த வரலாற்றை அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் தம் முள்ளில் மாட்டும் இரண்டு கிலோ ரோகு, ஒரு குத்தகைதாரரோ மீனவர் கூட்டுறவுச் சங்கமோ விரலளவுக் குஞ்சாக விட்டு, ஓராண்டுக்கு மேல் காவல் காத்து வளர்த்த பொருள் என்பதை அறிந்திருக்க வேண்டும். அடுத்தவர் தோப்பில் மாங்காய் பறிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. ஜிலேபி, சாதாக்கெண்டை, விரால், கெளுத்தி ஆகியவை ஏரியிலேயே பெருகுகின்றன. ஆயினும் குத்தகை ஏரி முழுமைக்கும் என்பதால், “நான் ஜிலேபி மட்டும்தான் பிடிக்கிறேன்” என்ற வாதம் காவலாளியிடம் எடுபடாது.

அப்படியானால் யாரிடம் அனுமதி கேட்பது?

கர்நாடகத்தில் பொதுவான ஏற்பாடு இது: நீர்ப்பரப்பு 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகளின் மீன் உரிமை மீன்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவற்றின் உரிமை கிராமப் பஞ்சாயத்திடமும் இருக்கும். இவர்கள் ஏலத்திலோ குத்தகையிலோ அதை வேறொருவருக்குக் கொடுத்திருப்பார்கள். நகர ஏரிகளில் மாநகராட்சியும் இடையில் வரும்.

நடைமுறையில் அலுவலகத்துக்குப் போவதைவிட ஏரிக் கரைக்குப் போவதே பயன் தரும். வலை உலர்த்தும் இடத்திலோ, பரிசல் கவிழ்த்து வைத்திருக்கும் இடத்திலோ, கரையோரத் தேநீர்க் கடையிலோ “ஈ கெரெ டெண்டர் யாரு தகொண்டிதாரெ?” என்று கன்னடத்தில் கேட்டால் குத்தகைதாரரின் பெயர் கிடைத்துவிடும். அவரிடம், “அண்ணா, இல்லி காள ஹாக்பஹுதா?” என்று தூண்டில் போடலாமா எனக் கேட்கலாம். பலர் ஒரு நாளைக்கு ஒரு தொகை என்று பேசுவார்கள். பிடிக்கும் மீனை எடைக்கு விலை கொடுத்து எடுத்துக்கொள்ளச் சொல்பவர்களும், மறுப்பவர்களும் உண்டு. ஒசகோட்டை, ஆனேக்கல் பக்கத்து ஏரிகளில் பேச்சு தமிழிலேயே முடிந்துவிடுவதும் உண்டு. இருந்தாலும் முதல் வாக்கியத்தைக் கன்னடத்தில் தொடங்குவது மரியாதை, காரியமும் எளிதாகும்.

அனுமதி கிடைத்தால், கொடுத்தவர் பெயரையும் கைப்பேசி எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி சொன்னது காவலாளிக்குத் தெரியாமல் இருப்பதால்தான் கரையில் பெரும்பாலான தகராறுகள் வருகின்றன.

கட்டணக் குளங்கள் எப்படி?

நகரைச் சுற்றியுள்ள பண்ணைகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு தூண்டில் போட விடும் குளங்கள் உண்டு. புதிதாகக் கற்பவர்களுக்கும் பிள்ளைகளுடன் போகிறவர்களுக்கும் இவையே நல்லவை என்பது என் கருத்து. போகும் முன் மூன்றைக் கேட்டுவிடுங்கள்: பிடித்த மீனைக் கொண்டுபோக வேண்டுமா, திரும்ப விட வேண்டுமா; கட்டணம் மணிக்கா, தூண்டிலுக்கா; குளத்துத் தண்ணீர் கிணற்றிலிருந்து வருகிறதா, கால்வாயிலிருந்தா.

நகருக்கு வெளியே உள்ள அணைகளில் போடலாமா?

ஒவ்வொன்றும் ஒரு விதம். அர்க்காவதியும் குமுத்வதியும் சேரும் இடத்தில் 1933-இல் கட்டிய திப்பகொண்டனஹள்ளி அணையும், அதே அர்க்காவதியின் மேற்பகுதியில் 1894-இல் கட்டிய ஹெசரகட்டா ஏரியும் ஒரு காலத்தில் பெங்களூருவின் குடிநீர் ஆதாரங்கள். இன்றும் அங்கே கட்டுப்பாடுகள் உண்டு. மாகடிச் சாலைப் பக்கத்து மஞ்சனபெலே அணையைப் பலர் கேட்கிறார்கள். பார்க்க அமைதியாக இருக்கும் அந்த நீர்த்தேக்கத்தில் கரையிலிருந்து சில அடிகளிலேயே ஆழம் திடீரென்று கூடுகிறது. மூழ்கி இறந்தவர்கள் பலர். அனுமதி கிடைத்தாலும் தண்ணீரில் கால் வைக்காமல், உயரமான திடமான தரையில் நின்று மட்டும் தூண்டில் போடுங்கள். ராமநகரத்துக்கு அருகிலுள்ள கண்வா நீர்த்தேக்கம் சிறியது. முன்னனுமதி பெற்றுப் போனால் ஒரு பகற்பொழுதுக்கு ஏற்றது.

விருஷபாவதி ஆற்றின் பைரமங்களா ஏரியை விட்டுவிடுங்கள். அந்த ஆறு மேற்குப் பெங்களூருவின் கழிவுநீரையும் ஆலைக் கழிவையும் சுமந்து வருகிறது.

ஒசூர்ப் பக்கம் போகிறவர்கள் கெலவரப்பள்ளி அணையைக் கேட்பார்கள். பெங்களூருவின் கோரமங்களா, ஹெப்பாள் பள்ளத்தாக்குகளின் நீர் தென்பெண்ணையாற்றில் சேர்ந்து அங்கேதான் வருகிறது. மதகில் நுரை பொங்குவதைத் தமிழ்ச் செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் பார்க்கிறோம். அதே ஆற்றில் இன்னும் கீழே உள்ள கிருஷ்ணகிரி அணையில் மீன்பிடி ஒரு தொழிலாகவே நடக்கிறது. அணையோரக் கடைகளில் மசாலா தடவிப் பொரிக்கும் மீனுக்காகவே பெங்களூருவிலிருந்து வண்டி எடுத்துப் போகிறவர்கள் உண்டு. அங்கே தமிழ்நாட்டு விதிகள் பொருந்தும். கர்நாடகத்தில் வாங்கிய அனுமதி எல்லை தாண்டிச் செல்லாது.

காவிரியில் மஹசீர் பிடிக்க முடியுமா?

முடியாது. பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமாக்கலி முகாம்களில் வெளிநாட்டினரும் நம்மவரும் மஹசீர் என்னும் பெரிய ஆற்று மீனைப் பிடித்து, எடை பார்த்து, திரும்ப ஆற்றில் விட்டுக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பகுதி 1987-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருவதால், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி 2010-களின் தொடக்கத்தில் தூண்டில் நிறுத்தப்பட்டது. தூண்டில்காரர்கள் இருந்தவரை வெடி வைத்து மீன் பிடிப்பவர்கள் கிட்ட வரவில்லை என்ற வாதமும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது.

மைசூருப் பகுதியின் கபினி ஆற்றில் 1946-இல் டி வெட் வான் இங்கன் பிடித்த 120 பவுண்டு மஹசீர், அதாவது ஏறக்குறைய 54 கிலோ, இன்றும் பேசப்படுகிறது. காவிரி ஆற்றுத் தொகுதியில் மட்டுமே வாழும் அந்தத் திமில் மஹசீர், 2018 முதல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் மிக அருகிய இனம். தவறி மாட்டினால்கூட உடனே விட்டுவிட வேண்டிய மீன் அது.

ஏரிகளில் என்னென்ன மீன்கள் மாட்டும்?

வளர்ப்பு மீன்களில் கட்லா நீரின் மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் மேயும். வாயைப் பார்த்தாலே இது தெரியும்: கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும், மிர்காலின் வாய் கீழ்நோக்கி இருக்கும். 1957-இல் இந்தியாவுக்கு வந்த வகையைச் சேர்ந்த சாதாக்கெண்டை, வாயோரத்து மீசையால் சேற்றைக் கிளறித் தின்னும். 1959-இல் வந்த புல்கெண்டை கரையோரத் தாவரங்களைத் தேடி வரும். அதே ஆண்டில் வந்த வெள்ளிக்கெண்டை நீரிலுள்ள நுண்பாசியைச் செவுளால் வடிகட்டித் தின்பதால் தூண்டிலுக்கு அநேகமாக வராது. பக்கத்தில் துள்ளித் துள்ளி எரிச்சலூட்டும், அவ்வளவுதான்.

இவற்றுக்கெல்லாம் மேல், எங்கும் எப்போதும் மாட்டுவது ஜிலேபி. 1952-இல் ஆப்பிரிக்க இனமாக இங்கே கொண்டுவரப்பட்டது. குஞ்சுகளை வாயில் வைத்துக் காக்கும் பழக்கத்தால் எந்தக் குட்டையிலும் பெருகிவிடுகிறது.

தொடக்கத்துக்கு என்ன கருவி வாங்க வேண்டும்?

விலை உயர்ந்த கருவியிலிருந்து தொடங்க வேண்டாம். ஆறேழு அடி நீளமுள்ள நடுத்தரக் கம்பு, ஒரு சிறிய ஸ்பின்னிங் ரீல், 0.25 முதல் 0.30 மில்லிமீட்டர் கனமுள்ள தங்கூசி நரம்பு (நைலான் இழை), இரண்டு மூன்று தக்கைகள், ஈயக்குண்டுகள், முட்கள் போதும். முள்ளின் எண் கூடக்கூட அளவு சிறிதாகும் என்பதை நினைவில் வையுங்கள்: ஜிலேபிக்கு 10 அல்லது 12, ரோகுக்கும் கெண்டைக்கும் 6 அல்லது 8. ஜிலேபிக்கு மட்டும் என்றால் ரீலே வேண்டாம். நல்ல மூங்கில் கழி போதும்.

ரீலின் முன்னாலோ மேலோ உள்ள இறுக்கத் திருகைத் தளர்வாக வைப்பதே புதியவர்கள் கற்க வேண்டிய முதல் பாடம். கையால் நரம்பைச் சற்று வலுவாக இழுத்தால் ரீல் கிறீச்சிட்டு நரம்பை விட வேண்டும். முழுக்க முறுக்கி வைத்தால், மூன்று கிலோ கட்லா முதல் ஓட்டத்திலேயே நரம்பை அறுத்து, முள்ளையும் வாயோடு கொண்டுபோய்விடும். அந்த மீனுக்கும் அது கேடு.

தக்கை ஆடுவதை எப்படிப் புரிந்துகொள்வது?

இதில்தான் தூண்டிலின் சுவை முழுவதும் இருக்கிறது. முதலில் ஆழத்தை அளந்து, இரை அடியைத் தொடும்படியாகவும் தக்கையின் நுனி மட்டும் நீருக்கு மேல் தெரியும்படியாகவும் ஈயத்தைச் சரிசெய்யுங்கள். ஜிலேபி கடித்தால் தக்கை படபடவென்று துடித்துப் பக்கவாட்டில் நகரும். ரோகு முதலில் இரண்டு முறை லேசாகத் தொட்டுவிட்டுப் பிறகு சாய்வாக இழுத்துக்கொண்டு போகும். சாதாக்கெண்டை தலைகீழாக நின்று அடியிலுள்ள இரையை வாயில் எடுத்து நிமிரும். அப்போது ஈயத்தின் பாரம் குறைவதால் தக்கை மூழ்குவதற்குப் பதிலாக மேலே எழும்பி, நீர்மேல் படுத்துவிடும். தக்கை மூழ்கினால்தான் இழுக்க வேண்டும் என்று பழகியவர்கள் இதைப் பார்த்துக்கொண்டே இருந்து மீனை விட்டுவிடுவார்கள். தக்கை படுத்த கணத்திலேயே கம்பை உயர்த்த வேண்டும்.

என்ன இரை வைப்பது?

ஜிலேபிக்கும் கெளுத்திக்கும் மண்புழு. பெருங்கெண்டைகளுக்கு மாவு. நான் பரிந்துரைப்பது கோதுமை மாவும், பொடித்த கடலைப் பிண்ணாக்கும், கொஞ்சம் ராகி மாவும் சேர்த்து இறுக்கமாகப் பிசைந்த உருண்டை. ராகி கர்நாடகத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கும்; அது சேர்ந்தால் உருண்டை நீரில் சீக்கிரம் கரையாது. பெருங்காயம், சோம்பு, ஏலக்காய் என்று ஆளுக்கொரு ரகசியம் வைத்திருப்பார்கள். மணம் உதவும், ஆனால் உருண்டையின் பதம் அதைவிட முக்கியம். முள்ளில் குத்தி ஒரு குவளைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தால், பத்து நிமிடமாவது நிற்க வேண்டும்.

தவிடும் பிண்ணாக்கும் கலந்து ஓரிடத்தில் தூவி மீனைக் கூட்டுவது வழக்கம். ஏற்கெனவே சத்து மிகுந்து பாசி பிடித்திருக்கும் நகர ஏரிகளில் வாளி வாளியாகக் கொட்டுவது நீரை மேலும் கெடுக்கும். இரண்டு கைப்பிடி போதும்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

கெண்டை இனங்கள் நீர் 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது நன்றாக மேயும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூருவில் டிசம்பர், ஜனவரிக் காலைகளில் நீர் குளிர்ந்துவிடுவதால் அப்போது வெயில் ஏறிய பிறகு போவது நல்லது. பிப்ரவரி பிற்பாதியிலிருந்து மே வரை காலையும் மாலையும் நன்றாக இருக்கும். ஏப்ரல், மே மாதத்து மாங்காய் மழை பெய்த மறுநாள் மட்டும் நகர ஏரிகளைத் தவிர்த்துவிடுங்கள். காரணத்தைக் கீழே மீன் சாவு பற்றிய விடையில் சொல்கிறேன். மழைக்காலத் தொடக்கத்தில் மீன் இனப்பெருக்கத்துக்காகக் கட்டுப்பாடு விதிக்கப்படுவதால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகிறவர்கள் குத்தகைதாரரிடம் அதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விரால் பிடிக்க ஆசை. எப்படி?

ஆகாயத்தாமரைக்கும் கோரைக்கும் இடையிலுள்ள ஓட்டைகளில் ரப்பர் தவளையை வீசி, நீர்மேல் துள்ளித் துள்ளி வரும்படி இழுக்க வேண்டும். விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். அவ்வப்போது மேலே வந்து மூச்செடுத்துப் போகும் அந்தச் சிறு சலனத்தைக் கவனித்தால் இருக்கும் இடம் தெரியும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். நீர்மேல் செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரே பந்தாகக் கொதிப்பதுபோல் மேலெழுந்து, மறைந்து, மீண்டும் எழுவதைக் கண்டால் அங்கே தூண்டில் போடாதீர்கள். தாய் தந்தை விரால்கள் அடியில் காவலுக்கு நிற்கும். பசியில்லாமலேயே எதைக் கண்டாலும் தாக்கும் என்பதால் மிக எளிதாக மாட்டும். அந்த ஜோடியை எடுத்துவிட்டால் குஞ்சுக் கூட்டம் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். விரால் கிலோவுக்கு நல்ல விலை போவதால் இதைச் செய்பவர்கள் உண்டு. எனக்கு அது வேட்டையாகத் தோன்றவில்லை.

பெங்களூரு ஏரி மீனைச் சாப்பிடலாமா?

இதற்கு ஒரே சொல்லில் விடை சொல்ல முடியாது. ஏரிக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்பதைப் பொறுத்தது.

நகர ஏரிகள் பலவற்றுக்கு ராஜகாலுவே என்னும் பெருங்கால்வாய்கள் வழியாக வருவது மழைநீரோடு சேர்ந்த சாக்கடை. சுமார் 900 ஏக்கர் பரப்புள்ள பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கியதையும், 2015-இலும் 2017-இலும் 2018-இலும் தீப்பற்றியதையும் நாடே பார்த்தது. அத்தகைய நீரில் வளரும் மீனின் உடலில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் சேர வாய்ப்புண்டு. அவை சதையைவிட ஈரலிலும் சிறுநீரகத்திலும் செவுளிலும் அதிகம் தங்கும். நீலப்பச்சைப் பாசி பச்சை வண்ணம் கரைத்ததுபோல் படர்ந்திருக்கும் ஏரியில், அந்தப் பாசியின் நஞ்சும் ஈரலில்தான் முதலில் சேரும். கொதிக்க வைப்பதால் உலோகமும் போகாது, அந்த நஞ்சும் போகாது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் ‘டி’ வகை என்றால் மீன் வளரத் தகுந்த நீர் என்று பொருள். அதற்கு ஒரு லிட்டரில் 4 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் கரைந்த ஆக்சிஜன் இருக்க வேண்டும், அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மிகக்கூடாது. “எங்கள் ஏரி டி வகை, மீன் சாப்பிடலாம்” என்று சிலர் சொல்வதுண்டு. அந்த எழுத்து மீன் உயிரோடிருக்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. மனிதர் உண்ணத் தகுந்ததா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

என் நடைமுறை இது: சாக்கடை கலக்கும் நகர ஏரி மீனைச் சமையலறைக்குக் கொண்டுவருவதில்லை. சுற்றிலும் வயலும் மானாவாரி நிலமும் உள்ள, மழைநீர் மட்டும் வரும் கிராமத்து ஏரி மீன் என்றால், குடலையும் ஈரலையும் செவுளையும் எறிந்துவிட்டு நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். கோலார் பக்கம் 2018 முதல் பெங்களூருவின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் பல ஏரிகளை நிரப்பியிருக்கிறது. வறண்ட மண்ணில் நீரும் மீனும் திரும்பியது நல்ல செய்தி. ஆனாலும் அங்கே பிடிக்கும் மீனை நான் திரும்ப விட்டுவிடுகிறேன். கருவுற்ற பெண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் சந்தேகத்துக்குரிய ஏரி மீனைக் கொடுக்கவே வேண்டாம். மீன் குழம்புதான் வேண்டும் என்றால் ரஸ்ஸல் மார்க்கெட்டில் ஆந்திரத்துக் குளங்களிலிருந்து வரும் கட்லா இருக்கிறது.

உடலில் சிவந்த புண் உள்ள மீனை எந்த ஏரியில் பிடித்தாலும் உண்ண வேண்டாம். 1988-இல் இந்தியாவுக்குள் பரவிய புண் நோய் குளிர்காலத்தில் விராலையும் கெண்டையையும் அதிகம் தாக்கும்.

மண் வாடை போக என்ன செய்வது?

அந்த வாடை சேற்றிலிருந்து ஒட்டுவதில்லை. நீரிலுள்ள நுண்பாசிகளும் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருள் மீனின் கொழுப்பில் தங்குவதால் வருவது. அமிலம் அதைச் சிதைக்கும். நம் வீடுகளில் ஏரி மீனுக்குப் புளியைத் தாராளமாகக் கரைத்து ஊற்றுவது இதற்கும் உதவுகிறது. எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி அரை மணி நேரம் வைத்துக் கழுவிவிட்டு, தோலையும் வயிற்றோரக் கொழுப்பையும் நீக்கினால் பெரும்பாலும் போய்விடும்.

ஏரியில் மீன்கள் செத்து மிதந்தால் யாரோ விஷம் கலந்திருப்பார்களா?

சில சமயம் இருக்கலாம். பெரும்பாலும் மூச்சு முட்டிச் சாகின்றன. சாக்கடைச் சத்தால் பாசி மிகுந்த ஏரியில் பகலில் ஆக்சிஜன் ஏராளமாக உண்டாகும், இரவில் அதே பாசியும் நுண்ணுயிர்களும் அதைத் தின்று தீர்க்கும். அதனால் விடியற்காலைதான் மீனுக்கு மிக மோசமான நேரம். அப்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். கோடையின் முதல் பெருமழை கால்வாய்களில் தேங்கியிருந்த கழிவை எல்லாம் ஒரே வீச்சில் ஏரிக்குள் தள்ளும்போது நிலைமை முற்றிவிடுகிறது. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததற்கும் ஆக்சிஜன் குறைவே காரணமாகச் சொல்லப்பட்டது.

மேலே வந்து தவிக்கும் மீனைத் தூண்டிலால் எளிதில் பிடித்துவிடலாம் என்று சிலர் கிளம்புவார்கள். அது இரையெடுக்கும் நிலையிலேயே இருக்காது. செத்த மீனை எடுத்து விற்பவர்களிடம் வாங்கவும் வேண்டாம். வெடி வைப்பதும் விஷம் கலப்பதும் சட்டப்படியே குற்றம்; கண்ணால் கண்டால் உடனே காவல்துறைக்குச் சொல்லலாம்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியோ டேங்க் கிளீனரோ மாட்டினால்?

திரும்ப ஏரியில் விடக்கூடாத இரண்டு மீன்கள் இவை. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க இந்தியாவில் தடை உண்டு. எதையும் தின்று, நாட்டு மீன்களை அழித்துவிடும். டேங்க் கிளீனர் என்று தொட்டிக்காக வாங்கி, பெரிதானதும் மனமில்லாமல் ஏரியில் கொண்டுவிடப்படும் மீன், கரையில் துளையிட்டு முட்டையிடும். அதன் முள்தோல் வலைகளையும் கிழிக்கும். இரண்டையும் குத்தகைதாரரிடம் ஒப்படைத்துவிடுங்கள். வீட்டுத் தொட்டி மீனை எந்த ஏரியிலும் விடாதீர்கள்.

பிடித்து விடுவதாக இருந்தால் மீன் பிழைக்குமா?

ஒழுங்காகச் செய்தால் பிழைக்கும். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்குங்கள். மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள். உலர்ந்த கை அதன் உடலின் வழவழப்பை உரித்துவிடும், பிறகு பூஞ்சை பிடிக்கும். சூடான சிமென்ட் கரையில் போடக் கூடாது. படம் எடுக்க வேண்டுமானால் கைப்பேசியைத் தயாராக வைத்த பிறகே மீனை நீரிலிருந்து தூக்குங்கள். முள் தொண்டைக்குள் போயிருந்தால் நோண்டாமல் நரம்பை அருகில் வெட்டிவிடுவது நல்லது.

தேளி குத்திவிட்டது. என்ன செய்வது?

தேளி, கெளுத்தி இரண்டுக்கும் செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு முள் உண்டு. தேளியின் முள்ளில் விஷம் இருப்பதால் வலி கடுமையாக இருக்கும். குத்திய இடத்தைக் கழுவி, தோல் பொறுக்கும் அளவுக்கு, ஏறக்குறைய 45 டிகிரி சூடான நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருந்தால் வலி குறையும். குத்தாத கையால் சூட்டைச் சோதியுங்கள், ஏனென்றால் குத்திய கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. முள் உடைந்து உள்ளே தங்கினாலோ, வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். சாக்கடை நீரில் காலில் புண்ணோடு நின்ற பின் சில நாட்களில் காய்ச்சலும் தசைவலியும் வந்தால், எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்பதால் ஏரிக்குப் போனதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அறுந்த நரம்பை என்ன செய்வது?

கடைசி அங்குலம் வரை சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பெங்களூரு ஏரிகளில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் நாமக்கோழியும் நிறைய. கரையில் விட்ட ஒரு முழம் தங்கூசி காலில் சுற்றிக்கொண்டால் பறவை கிளையில் தொங்கியே செத்துப்போகும். பிளாஸ்டிக் என்பதால் பல ஆண்டுகள் மட்கவும் மட்காது. சிறு துண்டுகளாக நறுக்கி உலர் குப்பையில் போடுங்கள். முட்களை ஒரு பழைய மாத்திரைப் புட்டியில் அடைத்துப் போட்டால் குப்பை பிரிப்பவர்களின் கையில் குத்தாது.